ரிஜிஸ்டர் போஸ்ட் போன பிறகு: வீட்டிலிருந்து விற்பவர்கள் எதில் அனுப்புவது?

வீட்டிலிருந்தபடி புத்தகம், புடவை, கம்மல், ஊறுகாய் என்று இணையத்தில் விற்பவர்களின் அனுப்பும் கணக்கு 2024 கடைசியிலிருந்து தலைகீழாகிவிட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் ரிஜிஸ்டர்டு புக் போஸ்ட் நின்றது. 2025 செப்டம்பர் 1 முதல் ரிஜிஸ்டர் போஸ்ட் ஸ்பீடு போஸ்டோடு சேர்க்கப்பட்டது. அதற்கு அடுத்த மாதமே, அக்டோபர் 1 முதல், ஸ்பீடு போஸ்ட் கட்டணம் மாறியது. ஆவணங்களுக்கான அந்தக் கட்டணம் 2012 அக்டோபருக்குப் பிறகு அப்போதுதான் திருத்தப்பட்டது. ஆனாலும் பலர் இன்னும் பழைய கணக்கை மனதில் வைத்துத்தான் ‘அனுப்பும் செலவு 40 ரூபாய்’ என்று விளம்பரத்தில் போடுகிறார்கள். ஒவ்வொரு ஆர்டரிலும் இருபது முப்பது ரூபாய் கையை விட்டுப் போவது மாதக் கடைசியில்தான் தெரிகிறது.

பழைய மலிவு வழிகள் திரும்பி வரும் என்று காத்திருக்க வேண்டாம். கடிதம் குறைவது உலகம் முழுக்க நடக்கிறது. டென்மார்க்கின் அஞ்சல் நிறுவனமான போஸ்ட்நார்டு 2025 முடிவோடு கடிதம் கொடுப்பதையே நிறுத்திவிட்டது. அங்கே 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் போன கடிதங்களில் பத்தில் ஒரு பங்குகூட இப்போது போவதில்லை. நம் ஊரில் தபால் நிலையங்கள் மூடவில்லை, ஒரு லட்சத்து 64 ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. ஆனால் அவற்றின் கவனம் கடிதத்திலிருந்து பார்சலுக்குப் போய்விட்டது. ஆகவே அனுப்புகிறவரும் பொருளின் எடை, அளவு, விலை, போகிற ஊர் நான்கையும் பார்த்து, ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் தனித்தனி வழி வைத்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் ஒரே கூரியரில் போடுகிறவருக்குத்தான் நஷ்டம் அதிகம்.

முதலில் ஒரு தராசு

ஒரு கிராம் வரை காட்டும், 10 கிலோ தாங்கும் எலக்ட்ரானிக் தராசு ஒன்றும் நீளம் அளக்கும் டேப் ஒன்றும் இல்லாமல் இந்தத் தொழிலைத் தொடங்கவே கூடாது. சமையலறைத் தராசே போதும். எடை போடும்போது பொருளை மட்டும் போடாதீர்கள். அட்டை, பபிள் ராப், டேப், முகவரிச் சீட்டு, உள்ளே வைக்கும் நன்றிச் சீட்டு வரை எல்லாம் சேர்த்துக் கட்டி முடித்த பிறகு வருவதுதான் எடை.

கட்டணம் எல்லாமே படிப்படியாக ஏறுவது. படியின் விளிம்பில் நிற்கிற பார்சல்தான் காசைத் தின்னும். புத்தகங்களுக்கான அஞ்சல் சேவையான கியான் போஸ்டில் ஒரு கிலோ வரை 35 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டியோடு 41.30. அதே பார்சல் 1,010 கிராம் ஆகிவிட்டால் அடுத்த படி 50 ரூபாய், வரியோடு 59. பத்து கிராம் அட்டைக்கு 17 ரூபாய் 70 காசு. ஒரே புத்தகத்தை மாதம் நூறு பேருக்கு அனுப்புகிறவருக்கு அது 1,770 ரூபாய். கனமான அட்டையை மெல்லியதாக மாற்றினாலே அந்தப் பணம் மிஞ்சும். அதனால் நீங்கள் விற்கும் ஒவ்வொரு பொருளுக்கும் கட்டி முடித்த எடையை ஒருமுறை குறித்துக்கொண்டு, எது விளிம்பில் இருக்கிறது என்று பாருங்கள். 500 கிராம், 1 கிலோ, 2 கிலோ ஆகியவை கண்ணில் வைக்க வேண்டிய எண்கள். விளிம்புக்கு 15 கிராமாவது கீழே நிற்பது நல்லது. உங்கள் தராசும் கவுண்டர் தராசும் ஒரே மாதிரி காட்டும் என்று நம்ப முடியாது. மழைக்காலத்தில் அட்டை ஈரம் குடித்து எடை கூடுவதும் உண்டு.

கவரில் போகிற சின்னப் பொருள்

கம்மல், புத்தகக்குறி, பழைய தபால்தலை, நாணயம் விற்பவர்களுக்குத்தான் பெரிய அடி. 20 கிராம் கவர் ஒன்றை ரிஜிஸ்டர் போஸ்டில் 25.96 ரூபாய்க்கு அனுப்ப முடிந்தது: 5 ரூபாய் தபால்தலை, 17 ரூபாய் பதிவுக் கட்டணம், மேலே வரி. இப்போது வெளியூருக்கு டிராக்கிங் வேண்டும் என்றால் ஸ்பீடு போஸ்ட்தான். 50 கிராம் வரை நாட்டின் எந்த ஊருக்கும் 47 ரூபாய், வரியோடு 55.46. இரண்டு மடங்குக்கும் மேல்.

புதிய ஆவணக் கட்டணம் இது. மூன்று எண்களும் முறையே 50 கிராம் வரை, 250 கிராம் வரை, 500 கிராம் வரை, வரி தனி.

உள்ளூர்: 19, 24, 28
200 கி.மீ. வரை: 47, 59, 70
201 முதல் 500 கி.மீ.: 47, 63, 75
501 முதல் 1,000 கி.மீ.: 47, 68, 82
1,001 முதல் 2,000 கி.மீ.: 47, 72, 86
2,000 கி.மீ.க்கு மேல்: 47, 77, 93

இதில் கவனிக்க வேண்டியது உள்ளூர்க் கட்டணம். 19 ரூபாய், வரியோடு 22.42. உங்கள் ஊருக்குள்ளேயே வாடிக்கையாளர்கள் இருந்தால் அவர்களிடமும் வெளியூர்க் கட்டணம் வாங்காதீர்கள். உள்ளூர் ஆர்டருக்குக் குறைந்த அனுப்பும் செலவைத் தனியாகப் போட்டால் விற்பனை கூடும்.

பழைய ரிஜிஸ்டர் போஸ்டில் இருந்த ஒரு வசதி, முகவரிதாரர் கையில் மட்டும் கொடுப்பது. அதை இப்போது ஸ்பீடு போஸ்டுக்கு மேல் 5 ரூபாயும் வரியும் கட்டித் தனியாக வாங்கலாம். ஓடிபி சொன்னால்தான் கொடுப்பது என்ற வசதிக்கும் அதே 5 ரூபாய். வெள்ளி, தங்க முலாம், விலையுயர்ந்த நாணயம் அனுப்பினால் ஓடிபி எடுத்துக்கொள்வது நல்லது. மற்றவற்றுக்குத் தேவையில்லை. வாடிக்கையாளர் வேலைக்குப் போயிருந்தால் வீட்டிலுள்ள அம்மா வாங்கிக்கொள்வதை ஓடிபி தடுத்துவிடும், பார்சல் தபால் நிலையத்துக்கே திரும்பும்.

50 ரூபாய்ப் பொருளுக்கு 55 ரூபாய் அனுப்பும் செலவு கட்டாது. இதற்கு நேர்மையான வழி இரண்டுதான். ஒன்று, குறைந்தபட்ச ஆர்டர் தொகை வைப்பது; நான்கு புத்தகக்குறி ஒரே கவரில் 50 கிராமுக்குள் போகும். இரண்டு, சாதாரணத் தபால். ஐந்து ரூபாய் தபால்தலை ஒட்டிய கவர் இன்னும் போகிறது, ஆனால் அதற்கு ரசீதும் இல்லை, டிராக்கிங்கும் இல்லை. தொலைந்தால் எங்கே போய்க் கேட்பது என்று வழியே இல்லை. மறுபடி ஒன்று இலவசமாக அனுப்பத் தயாராக இருக்கிற பொருளுக்கு மட்டும், வாடிக்கையாளரிடம் சொல்லி, சம்மதம் வாங்கிய பிறகு இந்த வழியில் போங்கள். கவருக்குள் உலோகத்தைத் தனியாகப் போட்டால் முத்திரை அடிக்கும்போது கவர் கிழிந்து பொருள் வெளியே விழும். தபால் அட்டை கனத்தில் இரண்டு அட்டை வெட்டி, நடுவில் பொருளை வைத்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டிய பிறகே கவரில் போட வேண்டும்.

புத்தகம்

சிறு பதிப்பகங்களும் தனியாகப் புத்தகம் விற்பவர்களும் நின்றுபோன புக் போஸ்டை நம்பித்தான் இருந்தார்கள். அது போனது தமிழ் வாசிப்புக்கே இழப்பு என்பதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. ஊரில் புத்தகக் கடையே இல்லாத வாசகருக்கு அதுதான் கடையாக இருந்தது. அந்த இடத்தை ஓரளவு நிரப்ப 2025 மே 1 முதல் வந்திருப்பது கியான் போஸ்ட். கட்டணம் 300 கிராம் வரை 20 ரூபாய், 500 வரை 25, ஒரு கிலோ வரை 35, 2 கிலோ வரை 50, 3 கிலோ வரை 65, 4 கிலோ வரை 80, 5 கிலோ வரை 100. வரி தனி. தூரக் கணக்கு இல்லை. நாகர்கோவிலிலிருந்து தில்லிக்கும் அதே காசு. டிராக்கிங் எண்ணும் உண்டு.

450 கிராம் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரையிலிருந்து சென்னைக்குக் கியான் போஸ்டில் 29.50 ரூபாய். ஸ்பீடு போஸ்டில் ஆவணக் கட்டணமே கணக்கிட்டாலும் 88.50. வித்தியாசம் 59 ரூபாய். 200 ரூபாய்ப் புத்தகத்தில் அது யாருடைய லாபம் என்று சொல்லவேண்டியதில்லை.

ஆனால் நிபந்தனைகள் இருக்கின்றன, கவுண்டரில் தகராறு வருவதும் அவற்றால்தான். இது கல்வி, சமூக, பண்பாட்டு, சமயப் புத்தகங்களுக்காக வந்த சேவை. அச்சிட்ட புத்தகமாக இருக்க வேண்டும். அச்சகத்தின் பெயரோ பதிப்பகத்தின் பெயரோ அதில் இருக்க வேண்டும். மாத இதழ், வார இதழ் ஏற்க மாட்டார்கள். வணிக விளம்பரம் கூடாது. ஆகவே புத்தகத்தோடு விளம்பரத் துண்டறிக்கை, கையெழுத்தில் ஒரு கடிதம், பரிசாக ஒரு சாவிக்கொத்து எதையும் வைக்காதீர்கள். அன்போடு எழுதி வைக்கும் நன்றிக் கடிதம்கூட வேண்டாம். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம். நாவல், கவிதைத் தொகுப்பு என்றால் முதல் கட்டை எடுத்துப் போகும் முன்பே போஸ்ட்மாஸ்டரிடம் ஒரு பிரதியைக் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். ஐம்பது பார்சலோடு வரிசையில் நின்ற பிறகு விதியைப் பேசினால் இருவருக்கும் எரிச்சல்தான்.

மேலே ‘கியான் போஸ்ட்’ என்று பெரிதாக எழுதுங்கள். துறை நேரடியாக நடத்தும் தபால் நிலையங்களில்தான் இதைப் பதிவு செய்ய முடியும். கிராமத்துக் கிளை அஞ்சலகத்தில் நடக்காது, பக்கத்து ஊர் துணை அஞ்சலகத்துக்குப் போக வேண்டும். தரைவழியில் மட்டுமே போகும் என்பதால் வெளி மாநிலத்துக்கு ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். வாடிக்கையாளரிடம் பணம் வாங்கும்போதே, “சாதா டெலிவரி வேணுமா, ஸ்பீடு போஸ்டா?” என்று கேட்டு இரண்டு விலையையும் சொல்லிவிடுங்கள். அவசரம் இல்லாதவர்கள்தான் பெரும்பாலும் புத்தகம் வாங்குகிறார்கள்.

புத்தகம் கெடுவது மூலையில். பார்சல் பையை மேலிருந்து போடும்போது மூலை மடங்கும், அட்டை பிரியும். பாலிதீன் கவரில் மட்டும் போட்டு அனுப்புவதுதான் இதற்குக் காரணம். சரியான முறை இது: முதலில் மெல்லிய பிளாஸ்டிக் உறையில் புத்தகத்தைப் போட்டு வாயை ஒட்டுங்கள், ஐப்பசி மழையிலிருந்து காப்பாற்றுவது அதுதான். பிறகு 3 பிளை (மூன்று அடுக்கு) அட்டையில், புத்தகத்தைவிட எல்லாப் பக்கமும் ஒரு சென்டிமீட்டர் பெரிதாக இரண்டு துண்டு வெட்டி மேலும் கீழும் வையுங்கள். அந்த ஒரு சென்டிமீட்டர்தான் அடி வாங்கும், புத்தக மூலை வாங்காது. குறுக்கும் நெடுக்கும் டேப் ஒட்டி, அதற்கு மேல் பழுப்புக் காகிதம் சுற்றுங்கள். பழைய கார்ட்டன் பெட்டிகளிலிருந்தே அட்டை வெட்டிக்கொள்ளலாம், செலவில்லை. ஆனால் அச்சடித்த பக்கம் உள்ளே இருக்கட்டும்; பழைய பெட்டியின் பார்கோடு வெளியே தெரிந்தால் ஸ்கேனர் அதைப் படித்துவிடும்.

அரை கிலோவுக்கு மேல்: பெட்டியின் அளவே எடை

துணி, பாத்திரம், பொம்மை, தின்பண்டம் எல்லாம் பார்சல் கணக்கு. இங்கே உண்மை எடையும் கன அளவு எடையும் ஒப்பிடப்பட்டு எது அதிகமோ அதற்குக் கட்டணம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்தால் கிலோ வரும். சில நிறுவனங்கள் இன்னும் சிறிய எண்ணால் வகுக்கும், அப்போது எடை இன்னும் கூடும். கணக்கு தொடங்கும்போதே எந்த எண் என்று கேளுங்கள்.

துணிப் பொம்மை ஒன்று 800 கிராம். அதை 30×25×20 பெட்டியில் போட்டால் 15,000-ஐ 5,000-ஆல் வகுத்து 3 கிலோ. காற்றைப் பிழிந்து 12 சென்டிமீட்டர் உயரப் பெட்டிக்குள் அடக்கினால் 1.8 கிலோ. பொருள் அதே, கட்டணம் 3 கிலோவுக்குப் பதில் 1.8 கிலோவுக்கு. ஆகவே கடையில் கிடைக்கிற பெட்டியை வாங்கி அதில் பொருளைப் போடாமல், அதிகம் விற்கும் மூன்று பொருள்களுக்கு அளவெடுத்துப் பெட்டி செய்யச் சொல்லுங்கள். சிவகாசி, கோயம்புத்தூர், சென்னைப் பாரிமுனைப் பக்கம் அட்டைப் பெட்டி செய்பவர்கள் சில நூறு எண்ணிக்கை எடுத்தால் சொன்ன அளவுக்குச் செய்து தருவார்கள். புடவைக்குப் பெட்டியே வேண்டாம். மடித்து பிளாஸ்டிக் உறையில் போட்டு, 60 மைக்ரான் கூரியர் பையில் வைத்தால் போதும். பட்டுப்புடவை மட்டும் மடிப்பில் சரிகை முறியாமல் இருக்க உள்ளே ஒரு அட்டை வைக்க வேண்டும்.

பல கூரியர்களை ஒரே இடத்தில் ஒப்பிட்டுப் பதிவு செய்ய உதவும் ஷிப்ராக்கெட் போன்ற இடைத்தளங்கள் வழியாக அனுப்புகிறவர்களுக்கு வரும் பெரிய தலைவலி எடைத் தகராறு. நீங்கள் 480 கிராம் என்று போட்டது, பத்து நாள் கழித்து ‘1.2 கிலோ’ என்று பில்லில் வந்து நிற்கும். ஆதாரம் இருந்தால்தான் வாதாட முடியும். பார்சல் தராசின் மேல் இருக்க, தராசின் எண்ணும் பார்சலின் லேபிளும் ஒரே படத்தில் தெரியும்படி ஒரு போட்டோ. அளக்கும் டேப்பை வைத்து நீளம், அகலம், உயரத்துக்கு மூன்று போட்டோ. ஆர்டர் எண்ணைப் பெயராக வைத்துச் சேமியுங்கள். ஆட்சேபம் தெரிவிக்கச் சில நாள்தான் அவகாசம் இருக்கும், அதனால் திங்கட்கிழமைதோறும் பில்லைத் திறந்து பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள்.

எந்த ஊருக்கு எது

தமிழ்நாட்டுக்குள் ஊரிலிருந்து ஊருக்கு மறுநாளே போய்ச் சேர வேண்டும் என்றால் எஸ்டி கூரியர், புரொபஷனல் கூரியர் போன்றவற்றின் பக்கத்துக் கிளையில் கொடுப்பது எளிது. கவுண்டரில் பேசி, மாதம் இத்தனை பார்சல் தருகிறேன் என்றால் தனி விலை கிடைக்கும். கேட்காதவருக்கு யாரும் குறைத்துத் தருவதில்லை. வெளி மாநிலப் பெருநகரங்களுக்கு டெல்லிவரி, டிடிடிசி, புளூடார்ட் போன்றவற்றை இடைத்தளம் வழியாக ஒப்பிட்டுப் போடலாம்.

ஆனால் கூரியரின் எல்லை தாலுகா தலைநகரோடு முடிந்துவிடும் இடங்கள் நிறைய. “ஊருக்குள்ள வர்றதில்ல சார், ஆபீஸ்ல வந்து வாங்கிக்கோங்க” என்று வாடிக்கையாளருக்குப் போன் வரும். அவர் பஸ் ஏறிப் போய் வாங்க வேண்டும். அடுத்த தடவை உங்களிடம் வாங்க மாட்டார். மலைக் கிராமம், உள்ளடங்கிய சிற்றூர், வடகிழக்கு மாநிலங்கள், அந்தமான் என்றால் யோசிக்காமல் தபாலில் போடுங்கள். நாள் கூடலாம், ஆனால் தபால்காரர் வீட்டுக்கு வருவார். கூரியர் தளத்தில் பின்கோடு போட்டுப் பார்த்தால் ‘சேவை உண்டு’ என்று காட்டலாம். அந்தப் பின்கோடுக்குள் இருபது கிராமம் இருக்கும், சேவை அதில் ஐந்துக்கு மட்டும் இருக்கும். வாடிக்கையாளரிடமே கேளுங்கள்: “உங்க ஊருக்கு எந்த கூரியர் வீடு வரைக்கும் வருது?” இந்தக் கேள்விக்கு அவரைவிடச் சரியான பதில் எந்தத் தளத்திலும் இல்லை.

தபால் நிலையத்தில் கவுண்டர் மூடும் நேரமும் பை கட்டும் நேரமும் வேறு. பை போன பிறகு பதிவு செய்தால் ரசீதில் இன்றைய தேதி இருக்கும், பார்சல் நாளைதான் கிளம்பும். “டெஸ்பாட்ச் எத்தனை மணிக்கு?” என்று ஒருமுறை கேட்டு வைத்துக்கொண்டு அதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போங்கள். பெரிய ரயில் நிலையங்களை ஒட்டிய ஆர்எம்எஸ் (ரயில்வே மெயில் சர்வீஸ்) கவுண்டர்களில் மாலைக்கு மேலும் பதிவு நடக்கும். தொடர்ந்து நிறைய அனுப்புகிறவர்கள் துறையோடு ஒப்பந்தம் போட்டால் மாதம் ஒருமுறை பில், வீட்டுக்கு வந்து எடுத்துக்கொள்ளும் வசதி, தள்ளுபடி எல்லாம் கிடைக்கும். ஸ்பீடு போஸ்டில் புதிதாகச் சேரும் மொத்த வாடிக்கையாளருக்கு 5 சதவீதத் தள்ளுபடி 2025 அக்டோபர் மாற்றத்தோடு வந்தது.

தீபாவளிக்கு முந்தைய பத்து நாளும் பொங்கலுக்கு முந்தைய வாரமும் எந்த வழியிலும் தாமதம்தான். அந்தச் சமயம் ‘பண்டிகைக்குள் வந்துவிடும்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். கடைசி ஆர்டர் தேதியை முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள்.

கேஷ் ஆன் டெலிவரி

வைத்துக்கொள்வோம்: பத்து சிஓடி (கேஷ் ஆன் டெலிவரி, பொருள் கைக்கு வந்ததும் பணம்) ஆர்டர், ஒவ்வொன்றுக்கும் போகும் செலவு 70 ரூபாய். இரண்டு பேர் வாங்கவில்லை. திரும்பி வரவும் தலா 70. மொத்தம் 840 ரூபாயை, விற்ற எட்டின் மேல் ஏற்றினால் ஒன்றுக்கு 105. இதற்கு மேல் சிஓடி கட்டணம் தனி, பணம் உங்கள் கைக்கு வர ஒரு வாரத்துக்கு மேல். லாபம் 100 ரூபாய்க்குக் கீழே உள்ள பொருளுக்கு சிஓடி கொடுக்கவே கூடாது என்பது எங்கள் கருத்து. கொடுத்தே ஆக வேண்டும் என்றால் அனுப்பும் செலவை மட்டும் யுபிஐயில் முன்பணமாக வாங்குங்கள். நூறு ரூபாய் கட்டியவர் கதவைத் திறப்பார். விளையாட்டுக்கு ஆர்டர் போட்டவர் அந்த இடத்திலேயே விலகிவிடுவார்.

முகவரி

திரும்பி வரும் பார்சல்களில் பல முகவரியால் வருபவை. வாட்ஸ்அப்பில் வரும் முகவரியை அப்படியே ஒட்டாதீர்கள். பெயர், கதவு எண் (பழையது, புதியது இரண்டும்), தெரு, ஊர், அஞ்சல், வட்டம், மாவட்டம், பின்கோடு, இரண்டு போன் நம்பர் என்று கட்டம் போட்டுக் கேளுங்கள். கிராமத்துக்கு அனுப்பும்போது ஊர்ப் பெயரைவிட ‘அஞ்சல்’ முக்கியம். புதூர், நல்லூர் என்ற பெயரில் எத்தனையோ ஊர். எந்தக் கிளை அஞ்சலகம் என்பதை வைத்துத்தான் தபால் பிரியும்.

பின்கோடைச் சரிபார்க்க ஒரு நிமிடம் போதும். 1972 ஆகஸ்ட் 15-இல் வந்த இந்த ஆறு இலக்கத்தில் முதல் எண் 6 என்றால் தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, லட்சத்தீவு. தமிழ்நாட்டு முகவரி 60 முதல் 64-க்குள் தொடங்கும். 67, 68, 69 என்றால் கேரளம், 56 என்றால் கர்நாடகம். மூன்றாவது எண் வரை பிரிப்பகத்தைக் காட்டும், கடைசி மூன்று எண் தபால் நிலையத்தை. முதல் மூன்றில் தவறினால் பார்சல் வேறு மாவட்டத்துக்குப் போய்ச் சுற்றும். கடைசி மூன்றில் தவறினால் பெரும்பாலும் ஓரிரு நாள் தாமதத்தோடு போய்ச் சேரும். மாநிலம் தாண்டும் பார்சலில் முகவரி ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். லேபிளின் மேல் ஒளிபுகும் டேப் ஒட்டுங்கள், ஆனால் பார்கோடின் மேல் சுருக்கம் விழக் கூடாது. முகவரியை இன்னொரு சீட்டில் எழுதிப் பெட்டிக்கு உள்ளேயும் போடுங்கள். மேல் லேபிள் கிழிந்த பார்சலைத் திறந்து பார்க்கும்போது அதுதான் காப்பாற்றும்.

பாட்டில், எண்ணெய், ஊறுகாய்

கசிகிற ஒரு பாட்டில் பையிலுள்ள மற்றவர்களின் பார்சலையும் நாசமாக்கும். அதனால் திரவத்தை ஏற்கத் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. கண்ணாடியைத் தவிர்த்து, வாயில் அலுமினியத் தாள் சூடாக்கி ஒட்டிய பிளாஸ்டிக் ஜாடியே ஊறுகாய்க்கு ஏற்றது. மூடியைச் சுற்றி டேப், அதற்கு மேல் ஜிப் பை, அதற்கு மேல் இரண்டு சுற்று பபிள் ராப், பிறகு 5 பிளை பெட்டி. ஜாடியை விளிம்பு வரை நிரப்பாதீர்கள். வெயிலில் வண்டிக்குள் சூடேறும்போது எண்ணெய் விரிந்து மூடியைத் தள்ளும். கட்டி முடித்ததும் பெட்டியைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே அசைந்தால் பிரித்துக் காகிதம் திணித்து மறுபடி கட்டுங்கள். வாசனைத் திரவியம், நகப்பூச்சு, தீப்பெட்டி, பவர் பேங்க் போன்றவை விமானத்தில் போகும் வழிகளில் தடைபடும். ஸ்பீடு போஸ்டும் அதில் ஒன்று. பொருளின் பெயரை மாற்றி எழுதி அனுப்ப நினைக்காதீர்கள்.

வெளிநாடு

சிங்கப்பூர், மலேசியா, கனடா வாடிக்கையாளருக்கு 2 கிலோ வரையிலான சிறு பொருளை அனுப்ப, அஞ்சல் துறையின் சர்வதேச டிராக்டு பாக்கெட் சேவை, வெளிநாட்டு விரைவு அஞ்சலான ஈஎம்எஸ்ஸைவிட மலிவு. சுங்கப் படிவத்தில் ‘பரிசு’ என்று எழுதாமல் பொருளின் பெயர், எண்ணிக்கை, உண்மை விலை எழுதுங்கள். அமெரிக்காவுக்கு 2025 ஆகஸ்ட் 25 முதல் நிறுத்தப்பட்ட அஞ்சல் அக்டோபர் 15-இல் மீண்டும் தொடங்கியபோது, சுங்கவரியை அனுப்பும்போதே இங்கு கட்டும் முறையோடு வந்தது. விலை சொல்லும் முன் அன்றைய வரி விகிதத்தைக் கவுண்டரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

டிராக்கிங் எண், காணாமல் போனால்

தபாலின் டிராக்கிங் எண்ணில் முன்னால் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் ஐ.என். என்ற இரண்டு எழுத்து. ஒன்பதாவது இலக்கம் சரிபார்ப்பு எண். முதல் எட்டை முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆல் பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்த மீதியை 11-இலிருந்து கழித்தால் அது வர வேண்டும்; 10 வந்தால் 0, 11 வந்தால் 5. உதாரணமாக 12345678-க்குக் கூட்டல் 204, மீதி 6, ஆகவே கடைசி எண் 5. எக்செல்லில் ஒருமுறை இந்த வாய்பாட்டைப் போட்டு வைத்தால், தவறாகத் தட்டச்சிட்ட எண் வாடிக்கையாளருக்குப் போகும் முன்பே சிவப்பில் தெரியும். “டிராக்கிங் வேலை செய்யல” என்று வரும் மெசேஜ்களில் ஒரு பகுதி இதோடு நின்றுவிடும்.

டிராக்கிங் நான்கு நாள் ஒரே இடத்தில் நின்றால் காத்திருக்காமல் புகார் பதியுங்கள். அஞ்சல் துறையின் தளத்தில் எண்ணைக் கொடுத்துப் பதியலாம், 1800 266 6868-க்கும் பேசலாம். பதில் திருப்தி இல்லாமல் முடித்துவிட்டால் மத்திய அரசின் பொதுக் குறைதீர் தளத்தில் பழைய புகார் எண்ணோடு மறுபடி போடுங்கள். ரசீது, பொருளின் பில், எடை போட்டோ மூன்றும் கையில் இருக்கட்டும். ஆனால் 2023 அஞ்சல் சட்டம் துறையின் பொறுப்பை விதிகளில் சொன்ன அளவுக்கு மட்டுமே வைத்திருக்கிறது. கூரியர் ரசீதின் பின்பக்கத்திலும் இதே மாதிரி ஒரு உச்சவரம்பு பொடி எழுத்தில் இருக்கும். 2,000 ரூபாய்க்கு மேல் விலையுள்ள பொருளுக்குக் காப்பீடு எடுத்து, அந்தச் செலவை விலையிலேயே சேர்த்துவிடுங்கள்.

திரும்பி வந்த பார்சலைக் கையெழுத்துப் போட்டு வாங்கும் முன் டேப் பிரித்து ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். எடையில் வித்தியாசம் இருந்தால் அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டு, வெட்டாத வீடியோவில் பிரியுங்கள். பொருள் நன்றாக இருந்தால் உறையை மட்டும் புதிதாக மாற்றி, பழைய பார்கோடைக் கிழித்த பிறகே அடுத்த ஆர்டருக்கு எடுக்க வேண்டும்.